விதைக்கு விட்ட செடி

அந்தக் கைக்குட்டை முடிச்சில் இருப்பது கடுகு என்றுதான் அம்மா நினைத்துவிட்டாள். நினைத்ததோடு நிற்கவில்லை, பாதியை எடுத்து ரசத்துக்குத் தாளித்தும் விட்டாள். வயலிலிருந்து அண்ணியும் நானும் திரும்பியபோது அடுப்பங்கரையில் புகை மண்டிக் கிடந்தது. சீமைக் கடைக்காரன் எதையோ கடுகு என்று பிள்ளை தலையில் கட்டிவிட்டான், வெடிக்கிறது, ஆனால் வாசனையே இல்லை என்று அம்மா அலுத்துக்கொண்டிருந்தாள். அம்மியின் மேல் பிரித்துக் கிடந்த கைக்குட்டையை அண்ணி பார்த்தாள். நீலக்கோடு போட்ட வெள்ளைக் கைக்குட்டை, அண்ணனுடையது. ஓடிப்போய் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இது உங்க புள்ள குடுத்தனுப்பின விதை" என்றாள். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அன்றைக்கு அந்த ரசத்தை யாரும் வாயில் வைக்கவில்லை. கீழே கொட்டவும் யாருக்கும் மனம் வரவில்லை.

எங்கள் நிலம் பாகூர் ஏரிக்குக் கிழக்கே. ஒரு குடும்பம் சாப்பிடலாம், இரண்டு குடும்பம் சாப்பிட முடியாது. எங்கள் பக்கத்தில் அந்தக் கணக்குக்கு ஒரே விடைதான் உண்டு. ஒருத்தன் ஏர் பிடிப்பான், இன்னொருத்தன் பிரெஞ்சுக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆவான். அண்ணன் மூத்தவன், நிலத்தை எனக்கு விட்டுவிட்டுப் போனான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. முதலில் சைகோனில் இருந்தான், பிறகு பிரான்சுக்கே கொண்டுபோய்விட்டார்கள். விதையைக் கொண்டுவந்தவர் அரியாங்குப்பத்துக்காரர், அவனோடு வேலை பார்த்த சொல்தா, விடுப்பில் வந்திருந்தார். சோப்பு, மிட்டாய் டப்பா, கைக்குட்டை முடிச்சு எல்லாவற்றையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அண்ணியிடம் நேரில் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறதென்று வயலுக்கே வந்தார். சேதி இதுதான்: "பனி கொட்டி ஊரே மூடிப் போனாலும் இந்தக் கீரை ஒண்ணுதான் பச்சையா நிக்குது. போட்டுப் பெருக்கி விதை எடுத்து வை, வந்து பாக்கறேன்." வந்து பார்க்கிறேன் என்ற வார்த்தையை அண்ணி அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். நான் வாய்க்காலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

கீரையின் பெயர் பிரெஞ்சில் 'சூ' என்றார் சொல்தா. கோழி விரட்டுகிற சத்தத்தை ஒரு கீரைக்கு வைப்பார்களா என்று அம்மா கேட்டாள். ஆகவே எங்கள் வீட்டில் அது சொல்தாக் கீரை ஆயிற்று.

எனக்கு அப்போது மண்ணைப் பற்றி எல்லாம் தெரியும் என்கிற திமிர் இருந்தது. எங்கள் மண் களி. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் காலை விடாது. கடுகளவு விதை அதில் மூச்சுமுட்டிச் சாகும். அதனால் கொல்லைக் கிணற்றோரம் ஓரிடத்தை ஒதுக்கி, கொத்திக் கிளறி வெயிலில் காயப்போட்டேன். கட்டிகளைத் தட்டி உடைத்து, பெண்ணையாற்று மணலும் ஏரி வண்டலும் வண்டியில் அடித்துக் கலந்தேன். இரண்டு இரவு ஆட்டுக்கிடை போட்டேன். குப்பைக்குழியின் அடியிலிருந்து, சாணம் என்ற அடையாளமே போய்க் கருத்துப் பொலபொலத்த மக்கை எடுத்துச் சலித்துத் தூவினேன். அண்ணி அடுப்புச் சாம்பலை ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தாள், அதையும் போட்டோம். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும், அந்தப் பக்குவம் வந்ததும் எனக்கு என்னைப் பற்றியே பெருமை தாங்கவில்லை.

பெருமைக்கு ஆயுசு குறைவு. ஐப்பசியில் பாத்தி கட்டி, விதையை மணலோடு கலந்து தூவி, வைக்கோல் மூடாக்குப் போட்டேன். நான்காம் நாளே முளைத்தது. அண்ணி என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவள் குரலே வேறாக இருந்தது. அந்த வாரமே அடைமழை பிடித்துக்கொண்டது. நாற்றெல்லாம் கழுத்தில் அழுகிச் சாய்ந்தன. ஓலைத்தட்டி கட்டிப் பார்த்தேன், வடிகால் வெட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை. நல்லவேளையாக அண்ணி என்னிடம் எல்லா விதையையும் கொடுத்திருக்கவில்லை. விதைக்கிறவன் கையில் முழு விதையையும் கொடுக்கக் கூடாது என்பது அவள் பிறந்த குருவிநத்தத்தில் வழக்கமாம். அவளிடம் வசவையும் வாங்கிக்கொண்டு, மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் இறங்கியதும் மேட்டுப்பாத்தியில் மறுபடி போட்டேன். அப்போதும் அவள் ஒரு சிட்டிகையை முடிச்சிலேயே நிறுத்திக்கொண்டாள். அது அவர் வந்தால் காட்டுவதற்கு என்றாள்.

இந்த முறை வளர்ந்தது. சாண் உயரம் வந்ததும் அடியிலைவரை மண்ணில் புதைத்து முழத்துக்கு ஒன்றாக நட்டோம். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வாரம் ஒரு தடவை வேரைச் சுற்றி ஊற்றினேன். நாற்றம் தாங்காமல் எங்கள் நாய் தெருவுக்குக் குடிபோய்விட்டது. பச்சைப்புழு வந்தது, அண்ணி விடியலில் சாம்பல் தூவிக் கையாலேயே பொறுக்கினாள். தை பிறந்தபோது சுருண்டு சுருண்டு, ஓரமெல்லாம் மடிப்புவைத்துத் தைத்ததுபோல இலை நிறைந்து நின்றது. அம்மா பாசிப்பருப்புப் போட்டு வதக்கினாள். மென்று மென்று எனக்குத் தாடை வலித்தது. "இதயா வெள்ளக்காரன் துன்றான், பாவம்" என்று அம்மா சொல்ல, அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்ட கடைசிச் சிரிப்பு என்று அதைச் சொல்ல மாட்டேன், பிறகும் சிரித்திருக்கிறாள். ஆனால் அப்படி இல்லை.

கீரையோ கத்தரியோ, இருப்பதிலேயே நல்ல செடியை எவரும் தொடாமல் விதைக்கு விட்டுவிடுவது எங்கள் பழக்கம். அண்ணியும் நடுப்பாத்தியில் இருந்த திடமான செடி ஒன்றைத் தேர்ந்து, அதன் பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினாள். அதில் ஓர் இலைகூடக் கிள்ளவிடமாட்டாள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. முள்ளங்கி பூத்தது, கடுகு பூத்தது. சொல்தாக் கீரை பூக்கவில்லை. வெயிலில் மற்றவை வாடிச் செத்தன. அதற்கு மட்டும் தட்டி கட்டி, இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினாள். இந்த வருஷம் போகட்டும், வருகிற குளிருக்குப் பூத்துவிடும் என்றேன். அந்தக் குளிர் வருவதற்குள் ஐரோப்பாவில் சண்டை வந்துவிட்டது.

அடுத்த வருஷத்தில் பிரான்சே விழுந்தது என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நாடு எப்படி விழும் என்று அம்மாவுக்குப் புரியவில்லை, எனக்கும் அவ்வளவாகப் புரியவில்லை. கப்பல் நின்றது, கடுதாசியும் நின்றது. நான் பாகூர் மேரிக்கு, அதுதான் எங்கள் ஊராட்சி அலுவலகம், நடந்தேன், புதுச்சேரிக்கு நடந்தேன். எந்த அலுவலகத்திலும் திட்டவில்லை, மரியாதையாகவே கைவிரித்தார்கள். செத்தவர் பட்டியலிலும் இல்லை, பிடிபட்டவர் பட்டியலிலும் இல்லை என்றார்கள். ஒவ்வொரு முறை நான் திரும்பும்போதும் அண்ணி கொல்லையில்தான் இருப்பாள். குழந்தைக்குப் பேன் பார்ப்பதுபோல இரண்டு விரலால் செடியின் கொண்டையை விலக்கி விலக்கி மொட்டுத் தேடிக்கொண்டிருப்பாள். என் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு நாள் குருவிநத்தத்திலிருந்து மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்தார், அண்ணியின் அப்பா. தாடையில் நரை முளைத்த கெட்டியான மனிதர், பேச்சு குறைவு. பிள்ளையில்லை, புருஷன் சேதி இல்லை, இந்த வீட்டில் யாருக்காக மாடாக உழைக்கிறாள், போதும், கூட்டிப்போகிறேன் என்று அம்மாவிடம் நியாயமாகவே பேசினார். அம்மா அழுதாள். அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "விதைக்கு விட்டிருக்கேம்பா. விதை எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். மாமா கொல்லைக்குப் போய்ச் செடியைச் சுற்றி வந்து பார்த்தார். விதைக்கு விட்டதைப் பாதியில் விட்டு வா என்று ஒரு குடியானவன் எப்படிச் சொல்வான்? "செரி, எடுத்துட்டு வா" என்று வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதிலிருந்து ஒவ்வொரு மாசியிலும் வருவார். நேரே கொல்லைக்குப் போவார், கொண்டையைப் பார்ப்பார், மோர் குடிப்பார், போய்விடுவார். அந்தச் செடி பூத்தால் அண்ணி போய்விடுவாள், பூக்காவிட்டால் அண்ணனுக்குக் காட்ட விதை இருக்காது. எது நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது? வேண்டுதலை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் செய்தேன். புண்ணாக்கை நிறுத்தினேன், இலைக்கொழுப்பு ஏறிவிட்டதோ என்று. எலும்பை இடித்து வேரில் போட்டேன். தண்ணீரைக் குறைத்து வாடவிட்டேன், சில செடி உயிருக்குப் பயந்து பூக்கும். அது வாடியதே தவிரப் பூக்கவில்லை. காய்க்காத மரத்துக்குக் கட்டுவதுபோல அம்மா பிய்ந்த செருப்பையும் துடைப்பத்தையும் கட்டிவிட்டாள். அண்ணி அவிழ்த்துத் தெருவில் எறிந்துவிட்டு வந்தாள். தண்டு முற்றி இடுப்புயரம் வளர்ந்து, கோணிக்கொண்டு, அடியெல்லாம் மொட்டையாகி, உச்சியில் மட்டும் ஒரு குடுமி. தாய்த்தண்டு சாகப்போகிறது என்று தெரிந்தால் பக்கக் கிளையை ஒடித்து நட்டுவிடுவாள், அது வேர்விட்டு அதே மாதிரி நிற்கும். சாகவும் இல்லை, பூக்கவும் இல்லை. பூமிக்கு மேலே இருக்கிற எதையும் என் உழைப்பால் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தவனை ஒரு கீரைச்செடி தரையில் உட்காரவைத்துவிட்டது.

சண்டை முடிந்து வெகுநாள் கழித்து அரியாங்குப்பத்துச் சொல்தா திரும்பினார். ஒரு காலை இழுத்து நடந்தார். பின்வாங்கும்போது கூட்டம் சிதறிப்போனதாகவும், ஒரு பாலத்தருகே அண்ணனைப் பார்த்ததாகவும், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றும் சொன்னார். அவ்வளவுதான். அதற்குமேல் அவரிடமும் எதுவும் இல்லை. எழுந்து போகும்போது கொல்லைப் பக்கம் கண் போயிற்று. இன்னுமா இது இருக்கிறது என்று ஆச்சரியத்தோடு கிட்டப் போனார். இது மட்டும் பூக்கவே மாட்டேன் என்கிறது என்றேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "இங்க எப்பிடிப் பூக்கும்? ஒரு குளுருகாலம் பூரா பனியில கெடந்து எழுந்தாதான் இது பூக்கும்னு அந்தூரு கெழவிங்க சொல்லுவாங்க. நம்மூரு குளுரு அதுக்கு எந்த மூலைக்கு?"

பனியில் நிற்கும் கீரை என்று அண்ணன் சொல்லியனுப்பியதை இத்தனை வருஷமும் நாங்கள் அதன் பெருமை என்றே எடுத்துக்கொண்டிருந்தோம். அதன் தேவையும் அதுதான் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணி தண்ணீர்க் குடத்தோடு என் பின்னால் நின்றிருந்தாள், எல்லாம் கேட்டிருக்கிறாள். சொல்தா போகும்வரை அசையவில்லை. பிறகு வந்து, எப்போதும்போல வேரைச் சுற்றி நிதானமாகக் குடத்தைச் சாய்த்தாள். காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தம்பி, இத எங்கப்பா காதுல போட்டுடாத" என்றாள். நான் தலையாட்டினேன்.

அந்த மாசியிலும் மாமா வந்தார். வழக்கம்போலக் கொண்டையைப் பார்த்தார், மோர் குடித்தார். ஏரிக்கரை வரை வண்டியோடு கூட நடந்தேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. மாமா மாட்டை நிறுத்தினார். "மாப்ள, அது பூக்காது. வெதச்சி அறுத்தே தலை நரைச்சவன் நான், ரெண்டாம் வருசமே தெரிஞ்சிபோச்சி. அவகிட்ட சொல்லிடாத. பூக்கும்னு இருந்தாதான் அவ இருப்பா." மாட்டைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் கரையிலேயே நின்றேன். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் என்னிடம் வாக்கு வாங்கிவிட்டார்கள். நான் யாரிடம் போய் எதைச் சொல்வது?

மாமா அதற்குப் பிறகும் சில மாசிகள் வந்தார், பிறகு ஒரு மாசிக்கு அவர் இல்லை. அடுத்த கோடையில் செடி காய்ந்தது. அண்ணி பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டாள், கிளை ஒடித்து நடவில்லை. எங்கேயும் போகவும் இல்லை, என் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு எங்களோடேயே இருந்தாள். நெற்றிப்பொட்டை அழிக்கும்படி அவளிடம் சொல்ல ஊரில் எவருக்கும் துணிச்சல் இல்லை, எதைக் காட்டிச் சொல்வது? அவள் கண்ணை மூடியபோது, பூவும் குங்குமமும் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். வையுங்கள் என்றேன்.

இப்போது எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அதே கீரையைப் புதுச்சேரிக் கடையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உடம்புக்கு நல்லதென்று என்ன விலைக்கோ விற்கிறார்கள். போன வாரம் பேரன் வாங்கிவந்தான். எனக்குப் பல் இல்லை, தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். மறுநாள் மருமகள் பழைய பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தாள். நீலக்கோடு மங்கிய கைக்குட்டை முடிச்சு ஒன்று கிடைத்தது. பிரித்துப் பார்த்து, "இன்னா மாமா, கடுகா?" என்றாள்.

"கடுகு இல்லம்மா. விதை" என்றேன்.

எப்போது போட வேண்டும் என்று கேட்டாள். அந்த விதை செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

"அண்ணன் வந்துடட்டும்."

அண்ணி கண்மூடிய பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள், எனக்கு ஓர் அண்ணன் இருந்ததே அவளுக்குத் தெரியாது. கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.