கையைப் பார்க்கிறவன்

மதுக்கூடத்து வாசலில் நிற்கும் அந்த ஆளை எல்லோரும் தூண் என்றுதான் கூப்பிடுவார்கள். வம்பு செய்கிறவர்களைத் தூக்கி வெளியே எறிவது அவன் வேலை. பாட்டு காதைக் கிழிக்கும், விளக்கு பச்சையும் சிவப்புமாக வெட்டும், யாராவது அவன் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள். எதுவும் அவனுக்குள் இறங்காது. கண் எல்லாவற்றையும்தான் வாங்கிப் போடுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பது மண்டையின் பாடு. தூணின் மண்டை கைகளை மட்டும் வைத்துக்கொண்டது. முதுகுப் பக்கம் போகிற கை, மேசைக்கடியில் மறைகிற கை, பாட்டிலைக் கழுத்தோடு பிடிக்கிற கை. யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கிய உதை சொல்லித் தந்தது.

ஒரு சனிக்கிழமை இரண்டு கும்பல் மோதிக்கொண்டது. ஒருவன் தலையில் நாற்காலி சிதறியது. இன்னொருவன் பல்லைத் துப்பினான். நடுவில் உடைந்த பாட்டிலோடு ஒரு கை உயர்ந்தது. தூண் பாய்ந்து மணிக்கட்டை முறுக்கினான். சுள்ளி ஒடிகிற சத்தம். முகத்தில் முழங்காலால் ஓர் இடி. அதற்குப் பிறகுதான் "மாமா, மாமா" என்ற அலறல் காதில் விழுந்தது.

மனைவியின் தம்பி. தையல்காரன். குடிவெறியில் இருந்த ஒருவனிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

"என் தம்பி மூஞ்சி கூடவா தெரியல?" மனைவி குமுறினாள்.

"கைதான் தெரிஞ்சுது."

"இனிமே மூஞ்சியப் பாத்துட்டு அடிங்க. இல்லன்னா இந்த வாசப்படி ஏறாதீங்க."

சரி என்றான். வீடு வேண்டுமே.

அடுத்த வாரமே மறுபடி ரகளை. எதிரில் வந்தவனின் முகத்தைத் தூண் பார்த்தான். மழித்த கன்னம், உதட்டோரம் மரு, இமையில் நீர். அழுகிறானே என்று நினைத்தான். முகத்துக்கு வழி விட்டதும் மற்றதெல்லாம் பின்னாலேயே நுழைந்துவிட்டது: பாட்டு, விளக்கு, எவளோ ஒருத்தியின் சிரிப்பு. விலாவில் ஏதோ சூடாக இறங்கியது. மறுபடி இறங்கியது. மருக்காரன் அதை உருவிக்கொண்டு ஓடியபோது தூணின் காலணிக்குள் ரத்தம் சளசளத்தது.

மருத்துவமனையில் காவலர் கேட்டதும் அந்த முகத்தை மருவோடு ஒப்பித்தான்.

"கத்தி எந்தக் கையில இருந்துச்சு?"

"பாக்கல சார்."

மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அதெப்படிங்க பாக்காம விட்டீங்க?"

மாவுக்கட்டுக் கையோடு நின்ற தம்பிதான் சொன்னான்: "உன் பேச்சக் கேட்டிருக்காரு அக்கா. கல்யாணமாகி இப்பத்தான் மொதல் தடவ."

அவள் தம்பியை ஓங்கி அறைந்தாள்.