அலைக்குளத்தில் புதுத்தண்ணீர்

மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். திரும்பி வரும்போது முடியெல்லாம் பிளீச்சிங் பவுடர் வாசனை. "லீவுக்கு அந்தத் தண்ணி பார்க் ஓட்டல்ல தங்கலாம்மா. கட்டடத்துக்குள்ளயே அலை வருமாம்" என்றாள். துண்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கு அந்த வாசனை ஆகாது.

அப்படிப்பட்ட ஓட்டலில் நான் எட்டாம் வகுப்பிலேயே தங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன், சொல்லக்கூடாத ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வாய்க்காலின் கடைசியில் எங்கள் வயல். ஆற்றில் தண்ணீர் வராத இரண்டாவது வருஷம் அது. பையன்கள் ஆற்றுக்குள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். ஆடிப்பெருக்குக்கு அம்மா தெருக்குழாயடியில் சூடம் ஏற்றிக் கும்பிட்டாள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவுக்கு அங்கே ஒரு வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தார். அப்பா பிடி கொடுக்கவில்லை. "தண்ணி வந்துரும் மாப்ள. நான் அங்க போயிட்டா இங்க நாத்து விடுறது யாரு?" என்பார். அப்பா போகக்கூடாது என்று நானும் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தேன்.

வீட்டில் வைத்துப் பேசினால் நடக்காது என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரையும் மெட்ராஸ் பக்கம் அந்த ஓட்டலுக்கு அழைத்துப்போனார். "ரெண்டு நாள் ஊர மறந்துட்டு இருங்கத்தான். அப்பறம் உங்க இஷ்டம்."

அம்மா தூக்குவாளி நிறையப் புளிச்சோறு கிளறிக்கொண்டு வந்திருந்தாள். ஓட்டல் வாசலிலேயே அதை வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது தருகிறோம் என்றார்கள். அதற்குள் ஊசிப்போகுமே என்று அவள் புலம்பிய புலம்பலில் முதல் நாள் போனது. மறுநாள் காலையில் தண்ணீரில் இறங்க வேண்டுமானால் வேட்டி ஆகாது என்று அப்பாவுக்கு ஒரு நீல நைலான் டவுசர் கொடுத்தார்கள். வயலில் அதைவிடக் குறைவாகத்தான் உடுத்துவார். அங்கே எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை.

உள்ளே ஓர் ஓடை வளைந்து வளைந்து ஓடியது. ஜனங்கள் டியூபில் மிதந்தார்கள். அங்கே விசில் வைத்துக்கொண்டு நின்றவரிடம் அப்பா கேட்டார்: "தம்பி, இந்தத் தண்ணி எங்க போயி வடியுது?"

"வடியாது சார். அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வரும்."

அப்பா ஓடையின் ஓரமாகவே ஒரு சுற்று நடந்து பார்த்தார். நான் அவரைக் கவனிக்கிற நிலையில் இல்லை. சறுக்குமரத்தில் எனக்கு ஒரு மெட்ராஸ் சிநேகிதி கிடைத்திருந்தாள். அவளிடம் எங்கள் அப்பா பெரிய மிராசு என்று அளந்துகொண்டிருந்தேன். இருந்தது ஒன்றரை ஏக்கர்.

எங்கள் பக்கம் வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரையும் சருகுமாக வரும். வந்தவுடனே யாரும் அதில் கால் வைக்கமாட்டார்கள். அப்பா தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றி, பூவை விட்டுக் கும்பிட்ட பிறகுதான் இறங்குவார்.

பெரிய குளத்தில் மணி அடித்தது. அலை வரப்போகிறது என்று எல்லோரும் ஓடினார்கள். அப்பா கரைப்பக்கம், காய்ந்த தரையில் நின்றார். நுரைத்துக்கொண்டு தண்ணீர் அந்தத் தரையில் ஏறி அவரை நோக்கி வந்தது. இரண்டு வருஷமாக அதற்குத்தானே காத்திருந்தார். சட்டென்று ஓரடி பின்வாங்கினார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்குப் போனது. குனிந்து அள்ளிக் கண்ணில் ஒற்றினார். "வந்துட்டியா தாயி" என்றார். கும்பிட்டார்.

பின்னால் காலேஜ் பையன்கள் சிலர் அதே மாதிரி குனிந்து கும்பிட்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். "அது உங்கப்பாதானே?" என்றாள் சிநேகிதி.

நான் நேரே போனேன். "மானத்த வாங்காதீங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

அப்பா நிமிர்ந்தார். "சரிம்மா" என்றார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் தண்ணீர்ப் பக்கமே வரவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார். "பாஸ்போர்ட்டுக்குப் போட்டா எத்தன எடுக்கணும் மாப்ள?"

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாக்கா? இடம் மாறுனா மனசு மாறும்னேன்ல!" அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஐஸ்கிரீமைத் தின்று முடித்தேன். அப்பாவின் மனசை மாற்றியது இடம் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் தண்ணீர் வந்தது. எங்கள் வயலில் வேறொருவர் நாற்று விட்டார். அப்பா துபாயில் ரோட்டோரச் செடிகளுக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போனில் அம்மாவிடம் மட்டும் கேட்பார், "தண்ணி வந்துருச்சா? கும்பிட்டியா?" என்னிடம் படிப்பைப் பற்றித்தான் கேட்பார்.

பதினோரு வருஷம் அங்கே இருந்தார். இப்போது அப்பா இல்லை. வயலில் மனைக்கல் நட்டிருக்கிறது. வாய்க்காலின் இரு கரைக்கும் சிமெண்டு பூசிவிட்டார்கள்.

அவர் திரும்பி வந்த வருஷம், தண்ணீர் எட்டிவிட்டது என்று கேள்விப்பட்டுத் தஞ்சாவூரிலிருந்து பூ வாங்கிக்கொண்டு போனேன். வற்புறுத்தித்தான் அவரை வாய்க்காலுக்கு அழைத்துப்போனேன். முன்னெல்லாம் தெருவே திரண்டு நிற்கும். அன்றைக்கு எங்கள் இருவரைத் தவிர ஒரு ஆள் இல்லை. பிளாஸ்டிக் பைகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது.

"யாருமே இல்லப்பா. கும்புட்டுக்குங்க" என்று பூவை நீட்டினேன்.

"நீ கும்புட்டுக்கம்மா. எனக்கு அதெல்லாம் விட்டுப்போச்சு." செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நானே கரையோரம் குனிந்து, ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிப் பூவை விட்டேன். நிமிர்ந்தபோது அப்பா ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று.