குறையவில்லை, கூடியிருந்தது

சட்டைக் கம்பெனியில் அவளுக்கு 'செக்கிங் அம்மா' என்றுதான் பெயர். தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவள் மேஜைக்கு வரும். காலரைத் திருப்பி, காஜாவை நெம்பி, பட்டனை இழுத்துப் பார்த்து, எங்காவது தையல் ஓடியிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். குறையே இல்லாத சட்டை கைக்கு வந்தால் சந்தேகம் இன்னும் அதிகம். எங்கேயோ ஒளித்திருக்கிறார்கள் என்று மறுபடியும் புரட்டுவாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தக் கண் சும்மா இருக்குமா? பால் பாக்கெட், தண்ணீர்க் குழாய், மருமகள் மடித்து வைத்த துணி என்று எதையும் விடவில்லை. மருமகள் ஒரு லேபில் ரத்தம் எடுப்பவள். "அத்தை, நான் ஊசி குத்தற பேஷண்ட்கூட என்னை இப்படிப் பாக்கறதில்லை" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். செக்கிங் அம்மா அந்தச் சிரிப்பையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

மின்விசிறியின் ரிமோட் கெட்டுப்போனதில் ஆரம்பித்தது அவளுடைய புதுப் பைத்தியம். மகன் தூக்கிப் போடச் சொன்னதைத் திறந்து பார்த்தாள். உள்ளே பச்சைப் பலகையில், எள்ளைவிடச் சிறிய பொடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கம்பி இல்லை, கால் இல்லை. இரண்டு ஓரத்திலும் மினுக்கென்று ஈயம், அவ்வளவுதான்.

"இதை யாருடா கையால ஒட்டினா?"

"மெஷின்மா."

அதை அவள் நம்பவில்லை. போனில் வீடியோ தேடினாள். கையால் ஒட்டுகிறவர்களும் இருந்தார்கள். சால்டரிங் அயர்ன், கூர்முனைச் சாமணம், விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, பழகுவதற்கென்றே விற்கிற போர்டு எல்லாம் வீடு வந்து சேர்ந்தன.

முதலில் ஒரு துளி ஈயம் வைத்துக்கொள்ள வேண்டும். அதை உருக்கி, சாமணத்தில் பிடித்த பொடியை அதற்குள் தள்ளி, மூச்சுவிடாமல் ஆறவிட வேண்டும். பிறகு மறு ஓரம். ஆரம்பத்தில் பொடி அயர்ன் முனையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இல்லாவிட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நட்டுக்குத்தலாக நின்றது. சாமணத்தைக் கொஞ்சம் அழுத்தினால் 'டிக்'கென்று தெறித்துத் தரையில் எங்கோ போனது. காற்றில் பறக்கிறது என்று மின்விசிறிக்குத் தடை போட்டாள். வியர்க்க வியர்க்கச் சாப்பிட்ட மகன், "இனிமே தும்மறதுக்கும் பர்மிஷன் வாங்கணும் போல" என்றான்.

கை பழகியது. அடுத்து ஒரு குட்டி ரேடியோ செய்தாள். அது கரகரக்கக்கூட இல்லை. பூதக்கண்ணாடியில் ஒவ்வோர் ஒட்டாகப் பார்த்தாள், எல்லாம் சுத்தம். அப்படியானால் பொடிகளில்தான் கோளாறு. மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கப்பாசிட்டர் பொடிகள் எல்லாம் ஒரே மண் நிறம், மேலே ஓர் எழுத்தும் கிடையாது. அவை சுற்றி வருகிற காகித நாடாவில்தான் எது எவ்வளவு தேக்கும் என்கிற மதிப்பு எழுதியிருக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் நாடாவிலிருந்து உரித்து, வகைக்கு ஒரு பாட்டில் மூடியில் கொட்டிக்கொள்வது அவள் வழக்கம். முந்தின நாள் ஒரு மூடியைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருந்தாள். இப்போது அதில் மூன்று கிடந்தன.

திருடினால் குறையும். இது கூடியிருக்கிறது. திருட்டைவிட மோசமான காரியம் என்று அவளுக்குத் தோன்றியது. மகனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உன் பொண்டாட்டி வேணும்னே கலந்து வைக்கறாடா."

"கலந்து அவளுக்கு என்னம்மா ஆகப்போகுது?"

"நான் இதை விட்டுடுவேன். ஃபேன் சுத்தும்."

மகன் சிரிக்கவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எத்தனை நாள்மா நிக்கறது? ஒரு வீடு சொல்லி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய்ப் பாக்கறோம். அவளுக்குப் பிடிச்சா தனியாப் போயிடறோம்."

அவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் சந்தேகப்படக்கூட ஆள் இருக்காது. கையும் களவுமாகப் பிடித்துக் காட்டினால் மகன் மனம் மாறுவான் என்று கணக்குப் போட்டாள்.

ஞாயிறு மதியம் மகன் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான். "கடைக்குப் போறேன்" என்று கதவை ஓசைப்படச் சாத்திவிட்டு, தெருமுனைவரை போய், பின்பக்கமாகத் திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றாள். நினைத்தபடியே மருமகள் மேஜைக்குத்தான் வந்தாள். ஆனால் மேஜையைத் தொடவில்லை. மண்டிபோட்டு, போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து, விரலில் சுற்றிய செலோடேப்பால் எதையோ ஒற்றி எடுத்தாள். எழுந்து, கைக்கு எட்டிய மூடியில் உதறினாள்.

"என்ன பண்றே?"

மருமகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "கடைக்குப் போகலையா அத்தை?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"பொறுக்கறேன். ஒண்ணு தொலைஞ்சா நீங்க தரையைப் பாக்கறதில்லை, என் மூஞ்சியைப் பாக்கறீங்க. கிடைச்சுட்டா பாக்க மாட்டீங்கல்ல."

"எல்லாத்தையும் ஒரே மூடியிலயா போட்டே?"

"எல்லாம் ஒண்ணுதானே?"

"பாக்க ஒண்ணு. உள்ள வேற வேற."

"லேபுல ட்யூப்ல பேர் ஒட்டலைன்னா என் வேலையே போயிடும். இதுல பேரே இல்லைன்னு யாராவது சொன்னாத்தானே தெரியும்?" செலோடேப்பை உரித்துக் கசக்கினாள். "நான் வேணும்னு கலக்கறேன்னு நீங்க சொன்னதையும் அவர் சொல்லிட்டார்."

செக்கிங் அம்மா ஜன்னலை விட்டு உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, அலமாரியிலிருந்து ஒரு மீட்டரை எடுத்தாள். அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே பொடியைப் பிடித்தால் திரையில் மதிப்பு வரும். ஆனால் இரண்டு கையும் பொடியிலேயே இருக்கும். கண்ணை எடுத்தால் நழுவிவிடும்.

"நான் பிடிக்கறேன். நீ நம்பரைப் படி" என்றாள்.

மருமகள் கொஞ்சம் யோசித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நூறு." செக்கிங் அம்மா திரையை எட்டிப் பார்த்தாள். நூறுதான். அடுத்ததற்கும் எட்டிப் பார்த்தாள். பொடி நழுவி மேஜையில் விழுந்தது.

"நானே படிக்கறேன்ல அத்தை?"

மகன் வந்தபோது பாதிகூட முடியவில்லை. "கிளம்பலையா? அங்க காத்திருப்பாங்க."

செக்கிங் அம்மா நிமிரவில்லை. "டேய், அன்னிக்குச் சொன்னேனே, அது தப்பு. தெறிச்சு விழுந்ததை இவ பொறுக்கித்தான் போட்டிருக்கா. கெடுக்கணும்னு செய்யலை."

இருவரும் மருமகளைப் பார்த்தார்கள். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் பண்ணி வரலைன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"வரலைன்னா? நாளைக்குப் போறோமா?"

"வரலைன்னு சொல்லுங்க, போதும். அத்தை, இது பத்து."

செக்கிங் அம்மாவின் கழுத்து திரைப் பக்கம் பாதி திரும்பியது. பிறகு நின்றது. பொடியைப் பத்தின் மூடியில் போட்டுவிட்டு அடுத்ததைச் சாமணத்தால் எடுத்தாள்.