கழுகு குறித்த இழைகள்

என் அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் கழுகு என்று பட்டப்பெயர். வீட்டில் கண்ணெதிரே இருக்கும் உப்பு டப்பாவைத் தேட ஊரையே கூப்பிடுகிறவளுக்கு எந்தப் புண்ணியவான் இந்தப் பெயரை வைத்தான் என்று கேலி செய்வேன். நானும் அதே கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள்தான், அதனால் எனக்கு அந்த உரிமை உண்டு.

அவள் வேலை கடல் முள்ளெலியின் கருவைப் பார்ப்பது. பெயரைக் கேட்டு எலியைத் தேட வேண்டாம். கடலடியில் கிடக்கும் முள் உருண்டை அது. அதன் கரு முதலில் உள்ளே வெற்றிடமான ஒரு பந்து, சுவர் முழுக்கச் செல்கள். அடிச்சுவரில் சில செல்கள் பக்கத்துச் செல்களை விட்டுக் கழன்று, உள்ளே நழுவி ஊர்ந்து போகும். பிறகு அந்த அடிப்பக்கமே குழிந்து, குழாயாகி மேலே ஏறும். அதுதான் குடல். பாதி வழியில் அது நின்றுவிடும். அப்போது குழாயின் நுனிச் செல்கள் மெல்லிய இழைகளை நீட்டி, எதிர்ச்சுவரைத் துழாவிப் பிடித்து, குடலை மேலே இழுக்கும். எந்தச் செல் எங்கே நகர்ந்தது, எந்த இழை எங்கே பிடித்தது என்று கணினித் திரையில் படம் படமாகப் புள்ளி வைப்பாள் அக்கா. கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பாள். கல்யாணம் அமையவில்லை, வேறு ஆசையும் கிடையாது. அவளுக்கென்று இருந்தது இது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு மருந்தைச் சோதித்தார்கள். கரு வளரும் தட்டுகளில் சிலவற்றில் மட்டும் கலந்தார்கள். எதில் கலந்தது என்று குறிப்பவரிடம் சொல்வதில்லை, அது அங்கே வழக்கம். மருந்து பட்ட கருவில் இழையே முளைக்காது. அக்காவோ எல்லாத் தட்டிலும் இழை குறித்திருந்தாள். இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய சாய்வில், அத்தனை அழகாகக் குறித்திருந்தாள்.

கூடத்தை நடத்தும் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். தட்டுகளை எடுக்க வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இதுல என்ன தெரியுதும்மா?"

"இழைங்க. மூணு இருக்கு."

"ஒண்ணுகூட இல்லம்மா."

அக்கா திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். "இருக்கே மேடம்," என்றாள்.

பார்வையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது என்றார் கண் மருத்துவர். அந்த ஓட்டையை மூளை தனக்குப் பழகியதை வைத்து நிரப்பிவிடுமாம், ஆளுக்கே தெரியாதாம். போனது திரும்பாது. டாக்டரம்மா நல்லவர்தான், ஆனாலும் அவள் குறித்த பழைய படங்கள் அத்தனையையும் ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்தேன்.

"வேலை போனா போகுது, விடுக்கா. நான் இருக்கேன்ல?"

"வேலைய யாருடி சொன்னா? எத்தனை வருஷமா பாத்தேன்! அதுல எது நெஜமா இருந்துச்சு, எது நானா வச்சது? எப்பலேருந்து நான் பாக்கல?"

அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் முகம் சுருங்கியது.

"நான் இப்படி உக்காந்திருக்கேன், நீ ஏன்டி சிரிக்கிற?" என்றாள்.

நான் அழுதுகொண்டிருந்தேன்.