அம்சவள்ளியின் குரல்மீது போட்ட வயலின்

தர்மன் குடிப்பதில்லை என்பது வாலிகண்டபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவி அம்சவள்ளிக்கு அதுவே வினையாகப் போயிற்று.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டியை அடித்த விவகாரம் ஊர்க்கூட்டத்துக்கு வந்தால், முதல் கேள்வி "குடிச்சிருந்தானா?" என்பதுதான். குடித்துவிட்டு அடித்தால் குற்றம், அபராதம் உண்டு. குடிக்காமல் அடித்தால் அதற்குப் பெயர் கண்டிப்பு. இப்படிப் பிரித்து வைத்தவர்களில் ஒருவர்கூட அடி வாங்கியவர் இல்லை.

மகள் மலர்கொடியோடு தனியாக இருந்துகொள்கிறேன் என்று அம்சவள்ளி இரண்டு முறை கூட்டத்தில் கேட்டாள். ஊர் சம்மதிக்காவிட்டால் அந்தத் தெருவில் யாரும் அவளுக்கு இடம் தரமாட்டார்கள். ஊர்ப்பெரியவர் அய்யம்பெருமாள் இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னார்.

"புத்தி தெளிவா இருக்கறவன் அடிச்சா ஏதாச்சும் காரணம் இருக்கும்மா. போயி ஒழுங்கா ஆக்கிப் போடு."

1983இல் மெட்ராசிலிருந்து ஒரு படக்குழு பெரம்பலூர்ப் பக்கம் வந்தது. வீட்டுக்குள் அடிபடும் பெண்களைப் பற்றிப் படம் எடுப்பதாகச் சொன்னார்கள். இயக்குநரின் பெயர் பழனிவேல்.

"இது கதைப்படம் இல்லம்மா. உள்ளதை உள்ளபடி காட்டுற படம்" என்றார். அம்சவள்ளி நம்பினாள். படத்தை முதலில் தன் ஊரில்தான் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவர் ஒப்புக்கொண்டார். அய்யம்பெருமாளும், "சரி, படத்தைப் பாத்துட்டுப் பேசிக்கலாம்" என்றார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

படம் பிடித்த அன்று விளக்கை அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள்.

"உங்க பாதுகாப்புக்குத்தான். முகம் தெரியாது" என்றார் பழனிவேல்.

"அடிச்சவரு வெளிச்சத்துல திரியறாரு. நான் எதுக்கு சார் இருட்டுல உக்காரணும்?"

விளக்கு இடம் மாறவில்லை. அவள் எதையும் மறைக்காமல் நீளமாகப் பேசினாள். நடுவில் பழனிவேல், "அவசரமில்ல, மனசுல வர்றதை வரட்டும்னு விடுங்க" என்று காத்திருந்தார். என்ன எதிர்பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"அழுது முடிச்சுட்டுத்தான் சார் வந்திருக்கேன்."

சில மாதம் கழித்து, இருட்டியதும் பள்ளிக்கூடச் சுவரில் வேட்டியைக் கட்டிப் படம் போட்டார்கள். ஊரே வந்திருந்தது. திரையில் உடைந்த பானை, நடுங்கும் விரல்கள், கறுப்பு நிழலாக ஒரு பெண். அவள் வாயைத் திறந்ததுமே முன்வரிசைப் பிள்ளைகள் "அம்சவள்ளியக்கா!" என்று கத்தின. அவ்வளவுதான் அந்த நிழலின் பாதுகாப்பு. அதற்குள் ஒரு வயலின் எழுந்தது. அவள் குரல் அடியில் போயிற்று. மேலே ஒரு கனத்த ஆண்குரல், மது என்னும் அரக்கன் குடும்பங்களைச் சிதைப்பதை விளக்கியது. சாராயப் பாட்டில் ஒன்று தரையில் மெதுவாக உருண்டது.

தர்மன் எழுந்தான். சலவைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

"நான் குடிச்சு யாராவது பாத்திருக்கீங்களா? வேணும்னா வாய மோந்து பாருங்கய்யா!"

"தர்மண்ணே, எங்களுக்கும் ஒரு மொடக்கு வச்சிருக்கலாம்ல!" என்றான் ஓர் இளவட்டம். கூட்டம் சிரித்தது.

"சாராயம்னு படமே சொல்லுது. இவன் தொடமாட்டான்னு ஊருக்கே தெரியும். அப்புறம் என்ன பேச்சு?" என்றார் அய்யம்பெருமாள்.

அம்சவள்ளி நேராகப் படம் ஓட்டும் மெஷினிடம் போனாள். அங்கே நின்ற பழனிவேல் குரலைத் தாழ்த்தி, "பாக்குறவங்களுக்கு ஒரு காரணம் புரியணும்லம்மா, அதான் பாட்டில்…" என்றார். உள்ளதைக் காட்ட வந்தவர், பார்ப்பவர்களின் வசதிக்காக ஒரு காரணத்தைச் செய்து கொடுத்திருந்தார். அடித்தவனுக்கு அதைவிட நல்ல வக்கீல் கிடைத்திருக்க மாட்டான்.

"அவரு ரேடியோவச் சத்தமா வச்சுட்டுத்தான் சார் அடிப்பாரு. என் சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு. நீங்களும் பாட்டப் போட்டு மூடிட்டீங்க. நிறுத்துங்க அத."

மெஷின் ஓட்டியவன் யாரையும் கேட்காமல் சத்தத்தைக் குறைத்தான். திரையில் நிழல் வாயசைத்தது. மெஷின் வெளிச்சத்தில் நின்று, அய்யம்பெருமாளைப் பார்த்து அவள் பேசினாள்.

"மொதல்ல சட்டையைக் கழட்டுவாரு. ரத்தம் பட்டா கறை போகாதாம். ஆணியில மாட்டிட்டு ரேடியோவத் திருப்புவாரு. அப்புறந்தான் அடி. முதுகு, தொடை, சீலை மறைக்கிற எடமாப் பாத்து. குடிச்சவனுக்கு இத்தனை யோசனை வருமா பெரியப்பா?"

"ஏய், வாய மூடுடி!" என்று தர்மன் கத்தினான்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் எழுந்து நின்றாள். "ரேடியோ சத்தம் கூடுனா நாங்க கதவச் சாத்திக்குவோம். எதுக்குச் சாத்துறோம்னு எங்க எல்லாத்துக்கும் தெரியும் பெரியப்பா."

யாரும் சிரிக்கவில்லை. அய்யம்பெருமாள் துண்டை உதறினார். "நாளைக்குக் கூட்டத்துல வச்சுப் பேசிக்கலாம்."

"பேசுங்க. நான் வரல." அம்சவள்ளி மகளைத் தூக்கிக்கொண்டாள். "அந்த வூட்டுக்கும் போவல."

"என் வூட்டுக்கு வா" என்றாள் பொன்னுத்தாய். "ஊரு என்ன சொல்லுதுன்னு அப்புறம் பாப்போம்."

தர்மன் வழியை மறித்தான். பொன்னுத்தாய் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "அடி தம்பி. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

இடம் பார்த்து அடித்துப் பழகிய கை எழவில்லை. அவன் ஒதுங்கினான்.