நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

அக்காவுக்குக் கல்யாணமான வருடக் கடைசியில் எங்கள் வீட்டில் எல்லோரும் டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சாப்பிடும்போது டயர், விளக்கு வைக்கும்போது டயர். பக்கத்து வீட்டுக்காரர்கள் நைனா டிராக்டரை விற்றுவிட்டு டயர் கடை வைக்கப் போகிறார் என்றே நினைத்திருப்பார்கள்.

அப்பாவை நைனா என்றும் அக்காவின் கணவரை பாவா என்றும் கூப்பிடுகிற வீடு எங்களுடையது. திருத்தணியில் பல வீடுகள் அப்படித்தான். திருப்பதி பஸ் தினமும் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகும். தெலுங்கு மட்டும் அதில் ஏறிப் போகாமல் எங்களோடு தங்கிவிட்டது.

பாவாவுக்குச் சொந்த ஊர் அரக்கோணம், வேலை கனடாவில். கல்யாணத்துக்கு லீவில் வந்தவர் நாலைந்து வீட்டு விருந்து சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். அக்காவுக்கு விசா வர மாதக் கணக்கில் ஆனது. அதுவரை இரண்டு பேரும் செல்போனிலேயே குடித்தனம் நடத்தினார்கள். எங்களுக்குப் பொழுது சாயும் நேரம் அவருக்குக் காலை. அவர் காபி கோப்பையோடு திரையில் வந்து உட்காருவார். அக்காவின் தோளுக்குப் பின்னால் நான் தலையை நீட்டுவேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேட்டு ஆளைக் கொன்றுவிடுவேன் என்பது அம்மாவின் புகார்.

கல்யாணத்துக்கு முன்பே பாவா ஒரு கார் வாங்கியிருந்தார். ஆரஞ்சு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டிருக்கும். நாளைக்குக் குழந்தை குட்டி என்று வந்தால் எங்கே உட்காரும் என்பதுதான் அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு வந்த கவலை. எனக்கோ கண்ணெல்லாம் அந்தக் கார்மேல்தான். அதன் இன்ஜின் பின் சக்கரங்களை மட்டும்தான் சுழற்றும், முன் சக்கரங்கள் சும்மா திரும்புவதற்கு மட்டும் என்று பாவா எனக்கு விளக்கியிருந்தார். பந்தயக் கார் எல்லாம் அப்படித்தானாம்.

முதல் பனி விழுந்த அன்று அந்தக் கார் ஒரு திருப்பத்தில் வழுக்கி, நடுரோட்டில் தட்டாமாலை சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றுவிட்டது. பாவா இதை ஒரு தமாஷாகச் சொன்னார். நைனா சிரித்தார், நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“பக்கத்து சீட்ல நான் உக்காந்துகினு இருந்திருந்தா?” என்று கேட்டாள்.

அங்கே குளிர்காலத்துக்கென்று தனி டயர் உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. குளிரில் சாதாரண டயர் கெட்டிப்பட்டுப் பிடிப்பு விட்டுப் போகுமாம்; குளிர்கால டயரின் ரப்பர் எவ்வளவு குளிரிலும் இளக்கமாகவே இருக்குமாம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து போவதைப் பார்த்திருந்ததால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. அதன் மேல் பிளேடால் கீறியதுபோல் பொடிப்பொடியாகக் கோடுகள் இருக்கும் என்றும் பாவா சொன்னார். மறுநாளே நான் பஸ் ஸ்டாண்டு வரை போய் நின்றிருந்த வண்டிகளின் டயரையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, கரிப்பிடித்த கையோடு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்கா நாலு சக்கரத்துக்கும் குளிர்கால டயர் போடச் சொன்னாள். பின்னால் இரண்டு போதும், தள்ளுவது அதுதானே என்றார் பாவா. அவருக்குக் காரைப் பற்றி ஒருவர் யோசனை சொன்னாலே பிடிக்காது, அதுவும் ஸ்கூட்டி மட்டுமே ஓட்டத் தெரிந்த ஒருத்தி சொன்னால் கேட்கவா வேண்டும்? நைனாவும் மருமகன் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

“சேத்துல டிராக்டர் மாட்டிகினா பின் சக்கரத்ததான பாப்போம்? முன்னாடி இன்னாத்துக்குமா புதுசு?”

அக்கா பதிலுக்கு வாதாடவில்லை. நாலு டயரும் மாற்றட்டும், அதற்கப்புறம் எனக்கு டிக்கெட் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். விசா வந்து பீரோவில் இருந்தது. மாமியார் வீட்டில் மருமகள் கனடா போகிறாள் என்று அரக்கோணம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு டயருக்காகப் புருஷன் வீட்டுக்குப் போகாத பெண் என்று பேர் வாங்கப் போகிறாளே என்று அம்மா புலம்பித் தீர்த்தாள். பூசை போடாமல் ஓட்டின வண்டி, அதனால்தான் வழுக்குகிறது என்பது அம்மாவின் தீர்மானம். எங்கள் ஊரில் புது சைக்கிள் வாங்கினாலும் மலைக்குக் கொண்டுபோய் முருகன் சன்னதி முன்னால் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் ஓட்டுவோம். அந்தக் கார் மலையைப் பார்த்ததே இல்லை.

எனக்கு இந்த வழக்கில் யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரக் கடையில் வாங்கிய ரிமோட் கார் என்னிடம் இருந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அதிலும் மோட்டார் பின் சக்கரத்தில்தான்! முன் சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பாவாவின் காருக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று சந்தோஷம் தாங்கவில்லை.

கரும்புச்சாறு கடைக்காரரிடம் கெஞ்சிக் கோணிப்பையில் ஐஸ் வாங்கி வந்து, அம்மிக் குழவியால் நொறுக்கி, மொட்டை மாடியில் வடாம் காயவைக்கிற பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் பரப்பினேன். குழவியின் சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ புடவையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கார் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு கிடந்தது. அக்கா பூப்பொட்டலத்து ரப்பர் பேண்டுகளைக் கொண்டுவந்து பின் சக்கரங்களில் இறுக்கமாகச் சுற்றினாள். இப்போது கார் ஐஸைத் தள்ளிக்கொண்டு ஓடியது. பாவா ஜெயித்துவிட்டார் என்று நான் கத்தினேன். “இரு, திருப்பு பாக்கலாம்” என்றாள் அக்கா. திருப்பினேன். முன் சக்கரங்கள் திரும்பின, கார் திரும்பவில்லை. பின்னால் இருந்து வந்த தள்ளலில் நேராகவே போய் தண்ணீர்த் தொட்டியில் முட்டிக் கவிழ்ந்தது. மறுபடி விட்டோம், மறுபடியும் தொட்டி. பிறகு முன் சக்கரங்களுக்கும் ரப்பர் பேண்டு போட்டோம். தொட்டிக்கு முன்னாலேயே வளைந்து, நல்ல பிள்ளையாக என் காலடிக்குத் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா இதையெல்லாம் போனில் காட்டினாள். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு பெருமையாக நின்றேன். பாவா கைதட்டிச் சிரித்தார்.

“சூப்பர் மா. ஆனா அது பொம்மை. இங்க ஸ்டியரிங்க புடிக்கிறது நானு.”

“அதான் பயமா இருக்குது” என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு சில நாள் போன் வரவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை. நைனா டிராக்டரைத் துடைக்கிறேன் என்று வெளியிலேயே இருந்தார். அம்மா மலைக்குப் போய் வந்து, அக்கா மாடிப்படியில் நிற்பது தெரியாமல் மருமகனைப் போனில் கூப்பிட்டு, அங்கேயே எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுங்க, முன் சக்கரத்துக்கு இரண்டு பழம் வைத்தால் போதும் என்று அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு மட்டும் ஒரே கவலை. அவ்வளவு கஷ்டப்பட்டு நடத்திய சோதனையை ஒரு பெரிய மனிதர் பொம்மை என்று தள்ளிவிட்டாரே!

ஒரு சாயங்காலம் போன் அடித்தது. பாவாவின் முகம் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று தரையும், அதில் ஆரஞ்சு காரின் பின்பக்கமும் தெரிந்தன. பின் சக்கரங்களில் கன்னங்கரேலென்று புது டயர், பொடிப்பொடிக் கோடுகளோடு. ஒவ்வொன்றின் அடியிலும் கோழிமுட்டை பருமனுக்கு மஞ்சளாக ஒரு எலுமிச்சம்பழம். இரண்டு டயர்தான் என்று நான் மெல்ல எண்ணிக்கொண்டேன். அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். படம் ஆடி ஆடி முன்பக்கம் நகர்ந்தது. பாவா பனியில் நடந்து போகும் சத்தம், அப்பளம் நொறுங்குவது போல, கேட்டுக்கொண்டே இருந்தது. முன் சக்கரம் வந்தது. அங்கேயும் புது டயர், அங்கேயும் பழம். இன்னொரு பக்கமும் அப்படியே.

பாவா போனை எதிரில் எங்கோ சாய்த்து வைத்துவிட்டுக் காரில் ஏறினார். கார் முன்னால் நகர்ந்தது. நாங்கள் எல்லோரும் பழம் நசுங்குகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். சத்தமே இல்லை. இறங்கி வந்த பாவா குனிந்து பார்த்துவிட்டுப் பனியைக் கையால் தோண்டினார். நாலு பழமும் பனிக்குள் அமுங்கிப்போய், ஒரு கீறல் கூட இல்லாமல் முழுசாகக் கிடந்தன.

“ஐயையோ, நசுங்கலியே” என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். இப்படி ஒரு அபசகுனத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை. நைனா வண்டியை இன்னொரு தடவை ரிவர்ஸில் எடுக்கச் சொன்னார். எனக்கோ பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அத்தனை பெரிய காரைத் தாங்கி, ஒரு பழத்தை நோகாமல் உள்ளே வாங்கிக்கொள்கிற தரை எப்படிப்பட்ட தரை?

பாவா குளிரில் சிவந்த கையில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டு, தப்பு செய்த பிள்ளை போல் திரையைப் பார்த்து, “இப்ப இன்னா பண்றது?” என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “நைனா, டிக்கெட் போட்ருங்க” என்றாள்.

“பழம் நசுங்கலியேடி” என்றாள் அம்மா.

“ரெண்டு போதும்னு நீதான சொன்ன, அவரு நாலு வச்சிருக்காரு பாரு” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய் பெட்டியை இழுத்தாள்.

அவளை வழியனுப்ப விமான நிலையம் போகும்போது வண்டியில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் ஐஸ் சோதனை ஒரு வழக்கைத் தீர்த்து வைத்து, ஒரு காருக்கு நாலு டயர் வாங்கிக் கொடுத்துவிட்டது அல்லவா? வகுப்பில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருந்தேன். முன்பின் பழகாத ஒரு மனிதரை நம்பி அவ்வளவு தூரம் போவதற்கு முன், தான் சொல்வது அவர் காதில் ஏறுமா என்று ஒருத்தி அந்த மாடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தவித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். போன வாரம் சென்னையிலிருந்து ஒருவர் வந்து, அம்மா செய்த கேசரி நன்றாக இருந்தது என்றார். மரியாதையாகப் பேசினார், சொந்தமாகக் கார் வைத்திருக்கிறாராம். வாசலில் நின்ற அதன் டயர்களை நான் ஒருமுறை சுற்றி வந்து பார்த்தேன். நாலும் நன்றாகத்தான் இருந்தன. வேறு எதைக் கேட்டுப் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை. திருத்தணியில் அந்தப் பனி விழுவதும் இல்லை.