நாலணா அகலப் பெயிண்ட்

எழுபதுகளின் கடைசியில் நான் வாங்கிய பழைய காரில் ரேடியோ இருந்தது, ஏரியல் இல்லை. அவனியாபுரத்தில் கார் ஒயரிங் வேலை பார்த்த பாயிடம் போனேன். இரண்டை எடுத்துக் காட்டினார். ஒன்று முழ நீளம். இன்னொன்று இழுக்க இழுக்க என் தலைக்கு மேலே போனது. உங்கள் ஓட்டத்துக்குச் சின்னதே போதும் என்றார். அதற்குள் பெரியது என் கையில் இருந்தது.

"எதை மாட்டுனாலும் அடியில நாலணாக் காசு அகலத்துக்குப் பெயிண்ட சொரண்டணும்ணே. தகரத்தத் தொட்டாத்தான் ஆகும். இல்லேன்னா எஞ்சின் இரைச்சல் ரேடியோவுல விழும்."

புது நீலம் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சுரண்டக் கூடாது என்றேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேக்க வாங்குறீகளா, காட்ட வாங்குறீகளா?"

காட்டத்தான். அதை ஒப்புக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் ரேடியோவைப் போடாமலே ஏரியலை முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டு டவுனைச் சுற்றினேன். போட்டபோதெல்லாம் கரகரத்தது. வானொலி நிலையத்தில்தான் கோளாறு என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன்.

அவள் பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகளின் கணக்குப் பயத்தைப் பற்றி அவள் பேசியதை வானொலிக்காரர்கள் பதிவு செய்திருந்தார்கள். அது ஒலிபரப்பாகும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டு ரேடியோவில் கேட்டுவிட்டே அம்மா வீட்டுக்குக் கிளம்பலாம் என்றாள். இவ்வளவு பெரிய ஏரியல் இருக்கும்போது வீட்டு ரேடியோ எதற்கு என்று கிளப்பியது நான்.

சமயநல்லூரை நெருங்கும்போது கரகரப்புக்கு நடுவே அவள் பெயரைச் சொன்னார்கள். அதன்பின் வெறும் இரைச்சல். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில்வே கேட் மூடியிருந்ததால் எஞ்சினை நிறுத்தினேன். இரைச்சல் சட்டென்று அடங்கி, அவள் குரல் தெள்ளத்தெளிவாக வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கோளாறு நிலையத்தில் இல்லை, என் நீலப் பெயிண்டில்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

ரயில் போய், கேட் திறந்தது. எங்கள் கார்தான் முதலில் நின்றது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. எஞ்சினைப் போட்டால் பேச்சு போய்விடும். அவளை ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். ஒரு லாரி டிரைவர் இரக்கப்பட்டுத் தோள் கொடுத்தார். என்ன ரிப்பேர் என்றதற்குப் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். தலைக்கு மேலே ஏரியல் பெருமையாக ஆடிக்கொண்டிருந்தது.

ஓரம் சேர்த்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து ஜன்னலுக்கு வந்தபோது ரேடியோவில் யாரோ வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாப் பேசுனேனா?" என்றாள்.

"ரொம்ப நல்லாருந்துச்சு."

"கடைசியா என்ன சொன்னேன்?"

இறங்கிய பிறகு ஹாரன் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. வெட்கத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

மறுநாளே பாயிடம் போனேன். நாலணா என்ன, எட்டணா அகலத்துக்கே சுரண்டச் சொன்னேன். அதன்பிறகு எல்லாமே தெளிவாகக் கேட்டது. அவள் பேச்சை மட்டும் வானொலிக்காரர்கள் மறுபடி போடவே இல்லை.